அக்கா செய்த இருபத்துநாலு தப்புகள்

மார்ச் 4

பேரன்பும் பெருங்கோபமும் கொண்ட மருமகளுக்கு,

நான் இப்போது எழுதப்போகும் கதையை இந்த உலகத்தில் ஒரு ஜீவராசியும் நம்பாது என்று, என் கடையில் தொங்கும் முந்நூற்றுப் பதினாறு சாவிகள் மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன். நீயும் நம்பாதே. நீ நம்பிவிட்டால் தொழில் வட்டாரத்தில் எனக்குக் கெட்ட பெயர்.

உன் தபால் அட்டை கிடைத்தது. "அம்மா அந்தக் கப்பல்காரரை எப்படிச் சாப்பிட வைத்தார்? தெரிந்தால் எழுதவும்." அவ்வளவுதான். ‘அன்புள்ள மாமா’ இல்லை. ‘முழங்கால் எப்படி இருக்கிறது’ இல்லை. மருந்துச் சீட்டில்கூட ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்று இரண்டு வார்த்தை பரிவாக எழுதுவார்கள். மருந்துக்கடைக்காரியிடம் அந்தப் பரிவையாவது எதிர்பார்த்தேன். போகட்டும். அக்காவின் காரியத்தன்று முப்பத்தைந்து பேர் முன்னால் "இனிமே எங்க வீட்டுப் படியேறாதீங்க" என்று சொன்னவள், என் போன் நம்பரையும் தடுத்து வைத்தவள், நாற்பது நாள் கழித்துத் தானே முதலில் எழுதியிருக்கிறாய். அட்டைக்குக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டிவிட்டேன். பூட்டு வாங்க வருபவர்கள் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

அக்கா இடத்தில் நீயே ஒரு மாதம் லீவு போட்டு அந்த முதியோர் இல்லத்தில் சமைக்கிறாய் என்று வாட்ச்மேன் சொன்னார். வேறு ஆள் கிடைக்கும் வரைக்கும் என்று சொன்னாயாம். அந்த அடுப்பு அப்படித்தான் எல்லாரையும் பிடிக்கும். உன் அம்மாவும் ‘ரெண்டு வாரம்’ என்று போய் இருபத்தாறு வருஷம் நின்றாள். எனக்கு மில் வேலை போய், மூன்று மாதம் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, என்னையும் வெங்காயம் உரிக்க அங்கே இழுத்துப் போனாள். மூன்று வருஷம் உரித்தேன். உரித்த தோலை ஒட்டித் தைத்தால் நிலாவுக்கு ஒரு போர்வையும் இரண்டு தலையணை உறையும் தேறும்.

அந்தச் சமையலறையில் ஒரு பேய் இருந்தது, உனக்குத் தெரியாது. ஸ்டோர் ரூம் பூட்டுக்குள் குடியிருந்தது. வாரம் தவறாமல் பூட்டு இறுகிக்கொள்ளும். உள்ளே இருபத்துநாலு பேருக்கான சாமான். வெளியே அக்கா, "டேய் தம்பி, இது எனக்கு ஆவாது, நீதான் பாக்கணும்" என்று என் தலைமேல் போட்டுவிட்டுப் போய்விடுவாள். நான் ஆணியும் கம்பியுமாக அதனோடு மல்லுக்கட்டி, கடைசியில் திறப்பேன். ஒவ்வொரு முறையும் பூட்டுக்குள்ளிருந்து ஒரு மரத்துணுக்கு விழும். அது பேயின் பால்பல் என்று கண்டுபிடித்தவன் நான்தான். நூற்று ஐம்பது பால்பல் உள்ள பேய் உலகத்திலேயே அது ஒன்றுதான். அதனிடம் பாடம் படித்துத்தான் இன்று பூட்டுக்கடை வைத்திருக்கிறேன்.

கப்பல்காரரா? முப்பத்தெட்டு வருஷம் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். தரையில் அசையாமல் நிற்கிற சூப்பு அவருக்குத் தொண்டையில் இறங்காது. அதனால் உன் அம்மா மேசைக்கடியில் ஒரு காலை வைத்து மெதுவாக ஆட்டிக்கொண்டே நிற்பாள். கிண்ணத்தில் அலை எழும். மனிதர் நடுக்கடலில் இருப்பதாக நினைத்து மூன்று கிண்ணம் குடிப்பார். வேண்டுமானால் செய்து பார்.

அலைகளின் அதிபதி,
உன் மாமா

மார்ச் 9

மாமாவுக்கு,

செய்து பார்த்தேன்.

இதை எழுதவே கூசுகிறது. தராசில் மருந்து நிறுக்கிற ஒருத்தி, படித்தவள், மேசைக்கடியில் காலை விட்டு ஆட்டினேன். கப்பல்காரர் கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கால்ல ஏதாவது வலியாம்மா?" என்று கேட்டார். அதற்குள் பக்கத்தில் இருந்த தையல்கார அம்மாவின் மடியில் சூப்பு கொட்டிவிட்டது. உங்கள் பேச்சை நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்லணும்.

விளையாட்டு போதும். நிலைமை இதுதான். அம்மா போன நாளிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் அரை டம்ளர் பால், சாயங்காலம் ஒரு பிஸ்கட். கேட்டால் "நல்லா இருக்கும்மா, பசிதான் இல்ல" என்கிறார். கோபமும் இல்லை, குறையும் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. எடை ஆறு கிலோ இறங்கிவிட்டது. டாக்டர் பதினேழாம் தேதி வருகிறார். அதற்குள் சாப்பிடத் தொடங்காவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போடுவார்களாம். எழுபத்தொன்பது வயதில் அப்படிப் போகிறவர்கள் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

நான் குறை வைக்கவில்லை. எல்லாவற்றையும் கிராம் கணக்கில் நிறுத்துப் போடுகிறேன். சூப்பைச் சூட்டுமானி வைத்துப் பார்த்துப் பரிமாறுகிறேன். மற்ற இருபத்துமூன்று பேரும் சாப்பிடுகிறார்கள். ஆனால் ஒரு சத்தமும் இல்லாமல், பரீட்சை எழுதுகிற மாதிரி சாப்பிடுகிறார்கள்.

இன்னொன்று. சாப்பாட்டு அறை அலமாரியில் புகார் நோட்டுகள் இருக்கின்றன. ஆறு நோட்டு. எடுத்துப் பார்த்தேன். மாமா, எல்லாமே அம்மாவைப் பற்றிய புகார்! "சூப்பில் உப்பில்லை." "இன்றும் உப்பில்லை." "உப்பு என்ற பொருளைப் பற்றி இந்த அம்மாள் கேள்விப்பட்டதுண்டா?" கப்பல்காரர் கையெழுத்தில் மட்டும் இரண்டாயிரத்து நூற்றுப் பதினாலு. உட்கார்ந்து எண்ணினேன்.

வீட்டில் அம்மா வைத்த எதிலும் ஒரு நாள்கூட உப்புத் தப்பியதில்லை. அப்படியென்றால் இவர்களுக்கு மட்டும் ஏனோதானோ என்று சமைத்தாரா? அவரைப் பற்றி ஊரே உருகிப் பேசியது. நானும் அதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். இந்த நோட்டைப் படித்ததிலிருந்து எனக்கு அம்மாவைத் தெரியுமா என்றே சந்தேகமாக இருக்கிறது.

காரியத்தன்று நீங்கள் செய்ததை நான் மறக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அன்று இல்லத்தில் சூப்பு வைத்தது நான். தொண்ணூறு கிராம் உப்பை முந்தின நாளே கடைத் தராசில் நிறுத்து, பொட்டலம் மடித்து, மேலே பெயரும் தேதியும் எழுதி எடுத்துப் போயிருந்தேன். யாரும் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். கப்பல்காரர் அறையை விட்டே வரவில்லை. நீங்கள் ஒரு வாய் வைத்துவிட்டு எழுந்து சமையலறைக்குள் போனீர்கள். திரும்பி வந்து மேசையைத் தட்டினீர்கள். "உப்பே இல்ல! என் அக்கா என்னிக்குத்தான் ஒழுங்கா உப்புப் போட்டா? போற போக்குல இதையும் கெடுத்துட்டுப் போயிட்டா!" என்று கத்தினீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் கொண்டுவந்த உப்புக் குப்பியைக் கைமாற்றிக் கைமாற்றிச் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள். இறந்த உங்கள் அக்காவை வைத்துச் சிரிக்க வைத்தீர்கள். அதுவும் பொய் சொல்லி. அன்று நான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை, தெரியுமா?

தெரிந்த உண்மையை எழுதுங்கள். ஒரே ஒரு முறை.

மருந்துக்கடைக்காரி

மார்ச் 13

இரண்டாயிரத்து நூற்றுப் பதினாலை உட்கார்ந்து எண்ணிய மகாராணிக்கு,

உண்மையை எழுது என்கிறாய். மீனைப் பார்த்து மரம் ஏறு என்கிறாய். மேலும் எனக்கு ஒரு தர்மசங்கடம். உன் அம்மா என்னிடம் ஒரு சத்தியம் வாங்கியிருக்கிறாள். "தம்பி, இங்க நடக்கறத வெளிய மூச்சு விடாத. தெரிஞ்சா அப்புறம் பலிக்காது" என்றாள். "சரிக்கா, யாரும் நம்புற மாதிரி சொல்ல மாட்டேன்" என்றேன். என் வாயைப் பற்றி அவளுக்குத் தெரியும், திருப்தியாகப் போய்விட்டாள். ஆகவே, இதோ அடுத்த பொய். இதையும் நம்பாதே.

ஒரு காலத்தில் ஒரு சமையல்காரி இருந்தாள். அவளுக்கு எட்டுக் கை, பதினாறு காது. காலையில் எழுந்ததும் அவள் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் இருபத்துநாலு தப்பு செய்வாள். ஆளுக்கு ஒன்று. ஒன்று குறைந்தாலும் அன்றைக்குச் சூரியன் உதிக்காது. இதற்காக அரசாங்கம் அவளுக்குத் தனிச் சம்பளம் கொடுத்தது.

தையல்கார அம்மா கண்ணில் படும்படி தன் மேலங்கியில் ஒரு பொத்தானை அறுந்து தொங்கவிடுவாள். "இப்படியா வருவ? கழட்டு இங்க!" என்று அந்த அம்மா ஊசியை எடுப்பார். பொத்தான் தைத்த கையோடு பசி வந்துவிடும். நர்ஸாக இருந்த ஒரு அம்மா இருந்தார். அவர் எதிரில் நம் சமையல்காரி விரலில் ஒரு துணியைக் கண்டபடி சுற்றிக்கொண்டு வருவாள். "யார் கட்டின கட்டு இது? கழுதை கட்டினதா?" என்று பிரித்துக் கட்டுவார். துணிக்குள் காயமே இருக்காது. நர்ஸம்மாவும் அதைப் பற்றி வாயைத் திறக்க மாட்டார்! தபால்காரராக இருந்தவர் பார்க்கும்படி, இல்லத்துக்கு வந்த கடிதங்களை அறை மாற்றிப் போடுவாள். அவர் வசைபாடிக்கொண்டே அறை அறையாகப் போய்க் கொடுத்துவிட்டு, வேர்வை துடைத்துக்கொண்டு வந்து, ‘கொண்டா சாப்பாட்ட’ என்பார்.

அந்தக் கப்பல் சமையல்காரருக்கு? இருபத்துநாலு கிண்ணத்தில் ஒரே ஒரு கிண்ணம் உப்பில்லாமல் போகும். மனிதர் ஒரு வாய் வைப்பார். மேசை அதிரும். கூரை ஓடு பறக்கும். கடலில் போகிற கப்பல் எல்லாம் கரை ஒதுங்கும். உப்பைக் கொண்டுவரச் சொல்லி, ஒரு சிட்டிகை போட்டு ஒரு வாய், இன்னும் ஒரு சிட்டிகை போட்டு இன்னொரு வாய் என்று ருசி பார்த்தே கிண்ணத்தைக் காலி செய்துவிடுவார். பிறகு நோட்டை எடுத்துப் புகார் எழுதுவார். முப்பத்தெட்டு வருஷம் ஒரு கப்பலுக்கே சோறு போட்டவரிடம் போய் ‘எல்லாம் சரியா இருக்கு, சும்மா சாப்பிடுங்க’ என்று சொன்னால் அவர் எதற்காக வாயைத் திறக்க வேண்டும்?

இது முழுப் பொய். யார் கேட்டாலும் அப்படியே சொல்.

ஆனால் நீ ரொம்பச் சரியாகச் சமைக்கிறாய், கண்ணு. அதுதான் உன்னிடம் இருக்கிற ஒரே குறை.

பொய்யர் குல திலகம்,
மாமா

மார்ச் 18

மாமாவுக்கு,

நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன். எட்டுக் கை என்ற இடம் வரும்போதெல்லாம் கிழித்துப் போடலாம் என்று வந்தது. பொத்தான் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அம்மாவின் மேலங்கிகள் ஐந்தும் என்னிடம் இருக்கின்றன. எடுத்துப் பார்த்தேன். ஐந்திலும் மேலிருந்து இரண்டாவது பொத்தான் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தைத்துத் தைத்து, துணியே தடித்துப்போயிருக்கிறது.

பதினாறாம் தேதி மதியம். டாக்டர் வர ஒரு நாள் இருந்தது. ஒரு கிண்ணம் சூப்பை மட்டும் உப்புப் போடுமுன் எடுத்து வைத்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், உப்பு டப்பாவை இரண்டு முறை எடுத்துத் திரும்ப வைத்தேன். பதினொரு வருஷ வேலையில் ஒரு பொருளை வேண்டுமென்றே விட்டது அதுதான் முதல் முறை. கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். வழக்கம்போல் மரியாதைக்கு ஒரு கரண்டி எடுத்தார். வாயில் வைத்தவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"இது என்ன?"

"சூப்புங்க."

"சூப்பா? நான் பாத்திரம் கழுவின தண்ணியோன்னு நெனச்சேன். உப்புன்னு ஒண்ணு இருக்கு, கேள்விப்பட்டிருக்கியா?"

"போட்டேன்னு நினைக்கிறேனே."

"நெனச்சா வந்துருமா? அம்மாவும் இதே பதில், பொண்ணும் இதே பதில்! கொண்டா இங்க உப்ப. தள்ளு. இப்படி இல்ல, விரல் நுனியால. பாத்துக்கோ."

சாப்பாட்டு அறையே திரும்பிப் பார்த்தது. அவர் போட்டார், ருசித்தார், தலையை ஆட்டினார், மறுபடி போட்டார். கிண்ணத்தின் அடி தெரிகிற வரைக்கும் எனக்குப் பாடம் நடந்தது. பிறகு "அந்த நோட்டு எங்க?" என்றார். ஏழாவது நோட்டைத் தொடங்கிவைத்தார். முதல் பக்கத்தில் இருப்பது: "சூப்பில் உப்பில்லை. பரம்பரை வியாதி."

நோட்டை என்னிடம் கொடுக்கும்போது மெதுவாக ஒன்று சொன்னார். "உங்கம்மா தப்புல ஒரு நேர்த்தி இருக்கும். நீ இன்னும் பழகணும்." அவருக்கு எல்லாம் தெரியுமா மாமா? நர்ஸம்மாவுக்கும் தெரியுமா? தெரிந்தேதான் எல்லாரும் இத்தனை வருஷம் கத்தினார்களா?

நேற்று டாக்டர் வந்தார். குழாய் இப்போதைக்கு வேண்டாம் என்றுவிட்டார்.

அப்புறம் ஒரு விஷயம். எனக்கு அந்தப் பேய்மேல் சந்தேகம் வந்தது. ஸ்டோர் ரூமைக் குடைந்தேன். மேல்தட்டில், அம்மாவின் கண்ணாடிக் கூடுக்குப் பின்னால், ஒரு மாத்திரை டப்பா. உள்ளே தீக்குச்சிகள். மருந்துத் தலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு, ஒவ்வொன்றையும் நகக்கண் அளவுக்கு ஒடித்து வைத்திருக்கிறார். ஒன்றை எடுத்து அந்தப் பூட்டின் சாவித் துளையில் போட்டுச் சாவியைத் திருகினேன். நீங்கள் எழுதிய மாதிரியே இறுகிக்கொண்டது.

பூட்டில் பேய் எதுவும் இல்லை, மாமா. இருபத்துநாலு என்று நீங்கள் எண்ணியது தப்பு. இருபத்தைந்து.

காரியத்தன்று நீங்கள் ஏன் கத்தினீர்கள் என்றும் இப்போது புரிகிறது. யாரும் சாப்பிடவில்லை, அம்மா செய்வதை நீங்கள் செய்தீர்கள். உப்பு இருந்தும் இல்லை என்றீர்கள். நான்தான் அவசரப்பட்டுவிட்டேன். அந்தப் பொய்யை நான் மன்னித்துவிட்டேன். உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். முழங்கால் எப்படி இருக்கிறது?

அன்புடன்,
மருமகள்

மார்ச் 23

அன்புள்ள மருமகளுக்கு,

நம்பரைத் திறந்துவிட்டாய், தெரியும். நான்தான் போன் செய்யவில்லை. குரல் சரியில்லை. சளி என்று வைத்துக்கொள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடையை மூடினேன். முந்நூற்றுப் பதினாறு சாவியும் என்னைப் பார்த்துச் சிரித்தன. மூன்று வருஷம், வாரம் ஒரு தடவை, என் கையால் அந்த மரத்துணுக்கை எடுத்து ஊதிக் கீழே போட்டிருக்கிறேன். கதவு பழசு, சிராய் உதிர்கிறது என்றுதான் நினைத்தேன். அத்தனை பேருக்கும் அவள் செய்த தப்பைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துச் சிரித்தவன் நான். ‘எப்படி ஏமாறுகிறார்கள் பார்’ என்று வெங்காயத்தோடு வெங்காயமாக உட்கார்ந்து சிரித்தவன். ஊரையே பூட்டிவைக்கிற மேதாவிக்கு ஒரு தீக்குச்சி தெரியவில்லை. "இது எனக்கு ஆவாது, நீதான் பாக்கணும்." அடிப்பாவி அக்கா!

அந்த டப்பாவை மட்டும் தூக்கி எறிந்துவிடாதே. முழங்கால் ஆடுகிறது, பாடுகிறது, மாடிப்படி மட்டும் ஏற மாட்டேன் என்கிறது. உங்கள் வீட்டில் படி மூன்றுதானே, அதற்கு ஒத்துக்கொண்டிருக்கிறது. வருகிறேன். ஸ்டோர் ரூம் பூட்டு எப்படியும் இறுகியிருக்கும். நீதான் குச்சியைப் போட்டுவிட்டாயே.

உனக்கு இன்னும் ஒரு வாரம் லீவு பாக்கி என்று கேள்வி. மற்ற இருபத்துமூன்று பேரும் பரீட்சை எழுதுகிறார்கள் என்றாய் அல்லவா? தபால்காரரிடம் இருந்து தொடங்கு. அது சுலபம்.

இப்போது ஒரு கணக்கை நேர் செய்ய வேண்டும். நான் இந்தக் கடிதங்களில் எழுதியது அத்தனையும் பொய். நிலாவுக்குப் போர்வை பொய். மேசைக்கடியில் அலை பொய். எட்டுக் கைச் சமையல்காரியும் அவள் செய்த தப்புகளும் பச்சைப் பொய். அக்காவுக்குக் கொடுத்த வாக்கு வாக்குதான். உன் அட்டைக்குக் கண்ணாடி போட்டதும் பொய், அது என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

ஆனால் நீ ஒரு பொய்யை மன்னித்திருக்கிறாய். அதை மட்டும் நான் வாங்கிக்கொள்ள முடியாது.

அன்று ஒரு வாய் வைத்ததும் உப்பு எடுக்கத்தான் சமையலறைக்குள் போனேன். அடுப்புக்குப் பக்கத்துத் திண்டில், அக்கா படத்துக்கு முன்னால், ஒரு பொட்டலம் இருந்தது. மடிப்புப் பிரியாமல். யார் கண்ணிலும் படுவதற்குள் பையில் போட்டுக்கொண்டேன். தப்பு என்று ஒன்று எப்படியும் வெளியே வரும், அது யார் பேரிலாவது விழத்தானே வேண்டும்? உன் பேரில் விழ அன்று இடமில்லை, நீயே நிற்க முடியாமல் நின்றாய். அக்கா பேரில் ஏற்கெனவே இரண்டாயிரத்துச் சொச்சம் இருந்தது. இன்னும் ஒன்று அவளுக்குப் பாரமில்லை.

பொட்டலத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பிரித்துப் பார்க்க வேண்டாம், மேலே படி. ‘உப்பு, 90 கிராம், சூப்புக்கு.’ தேதி இருக்கிறது. உன் கையெழுத்தும் இருக்கிறது.

ஆகவே, இத்தனை பக்கத்தில் ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம், மருமகளே. அன்றைக்குச் சூப்பில் உப்பு இல்லை.

இருபத்தைந்தாவது ஆள்,
உன் மாமா